திங்கட்கிழமைப் பரிந்துரைகள்

எழுதுவது எனக்குக் கை வராத வேலை. முப்பத்தொரு வருடம் புத்தகங்களின் தூசியைத் தட்டினேன். உள்ளே இருப்பதைச் செய்யும் வித்தை எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வசனம் எங்கேயாவது முடியாமல் இழுபட்டால் வாசிக்கிறவர்கள் தாங்களே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அப்பால் போகவும். ஞாபகமும் இப்போது ஓட்டை. எந்த வருடம், எத்தனையாம் மாதம் என்பதெல்லாம் ஒழுகிப் போய்விட்டது. யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பது மட்டும் போகவில்லை. போக வேண்டியது அதுதான்.

இதை நானாக எழுத வரவில்லை. நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் வாசிப்பு மாதத்துக்கு மலர் போடுகிறார்களாம். இளைப்பாறியவர்களுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். புதிதாக என்ன இசை கேட்கலாம், என்ன வாசிக்கலாம், தொழில்நுட்பத்தோடு வினைத்திறனாக வேலை செய்வது எப்படி, உங்கள் தனிப்பட்ட பரிந்துரைகளைத் தருக என்று அதில் இருந்தது. கொண்டு வந்த பிள்ளையிடம், "தங்கச்சி, ஆள் மாறிக் கொண்டந்திட்டீர் போலை" என்றேன்.

"இல்லை அக்கா, உங்களுக்குத்தான். கணினி வந்த காலத்திலை நீங்கள்தானே இருந்தனீங்கள்."

கணினி வந்த காலத்தில் இருந்தேன் என்பது உண்மை. வெள்ளம் வந்த காலத்திலும் இருந்தேன். அதற்காக ஒருவரும் என்னிடம் நீச்சல் பழக வரவில்லை.

நூலகத்தை நடத்துகிற பிரதேச சபையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; ஒரு முறை வந்தது போதும். சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் உள்ளே போனால் வருகிற நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் மலர். நான் அங்கே சேர்ந்தது கூட்டித் துடைப்பதற்கு. அப்போது நூலகராக இருந்தவர் ஞானம் மிஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கொண்டு போகும் முகத்தையே திங்கட்கிழமை வேலைக்கும் கொண்டு வருவார். அவர் என்னை எண்களைப் பார்த்துப் புத்தகம் அடுக்கப் பழக்கினார். மூன்று மாதத்தில் பழகினேன், மூன்று வருடம் பிழை விட்டேன். பிறகு இரவல் கொடுக்கும் மேசைக்கும் விட்டார்.

அந்த மேசையில் மிஸ்ஸுக்கு ஒரு முறை இருந்தது. வாசகர் புத்தகத்தை நீட்டினால், வாங்கும்போதே கை அதைக் கவிழ்த்துவிட வேண்டும். முகப்பு மேசையைப் பார்க்கும், முதுகு எங்களைப் பார்க்கும். பின் அட்டையைத் திறந்து, இலக்கத்தை எழுதி, திகதி முத்திரையைக் குத்தி, மூடி, கவிழ்ந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குத் தலைப்பு தெரியக் கூடாது. பழகாத நாளில் ஒரு முறை நான் நிமிர்த்தி வைத்துவிட்டேன். மிஸ் கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏன் மிஸ் கவிட்டு வைக்கிறது?"

"பின்னாலை நிக்கிறவைக்கு என்னத்துக்கு? ஒராள் என்ன வாசிக்குது எண்டது அந்த ஆளுக்கும் ஆண்டவருக்கும் தெரிஞ்சாப் போதும்."

"நான் சைவம், மிஸ்."

"அப்ப உன்ரை ஆள் ஆரோ, அவருக்கு. மற்றவைக்கு இல்லை."

அத்தோடு என் பயிற்சி முடிந்தது.

இனி, என்ன வாசிக்கலாம் என்ற கேள்வி. என்னிடம் வருகிறவர்கள், "அக்கா, நல்ல புத்தகமா ஒண்டு சொல்லுங்கோ" என்பார்கள். எனக்கு முகம் சூடேறிவிடும். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, நானும் நிறைய வாசித்திருக்கிறேன். ஆனால் படித்த மனிதருக்கு முன்னால் வாயைத் திறந்து இது நல்லது என்று சொல்ல ஒரு நாளும் துணிவு வரவில்லை. எனவே வேறு ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்றன்று திரும்பி வரும் புத்தகங்களை அலுமாரிக்குப் போகும் முன் ஒரு மேசையில் குவித்து வைப்போம். எங்கள் ஊரார் அலுமாரிப் பக்கம் போகவே மாட்டார்கள். நேரே அந்தக் குவியலுக்குத்தான் வருவார்கள். இருபது வருடம் அலுமாரியில் நிமிர்ந்து நின்ற புத்தகத்தை அந்த மேசையில் சரித்துப் போட்டால், இரண்டு பேர் பிடுங்குப்படுவார்கள். புத்தகம் நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதே போதும்.

நான் வாசித்து நல்லது என்று கண்டதைக் குவியலில் சொருகிவிட்டுக் கூட்டுகிற தும்புத்தடியோடு அப்பால் போய்விடுவேன். முப்பத்தொரு வருடப் பரிந்துரை அவ்வளவுதான். வாசிப்பு வட்டக் கூட்டத்தில், "எங்கடை வாசகர்களின்ரை தெரிவு எவ்வளவு உயர்வாயிருக்கு பாருங்கோ" என்று தலைவர் பேசுவார். கடைசி வரிசையில் தேத்தண்ணித் தட்டோடு நின்று நானும் கை தட்டியிருக்கிறேன்.

மிஸ் போய், இடையில் இரண்டு பேர் வந்து போய், கடைசியாகப் பிரதீபன் சேர் வந்தார். இளம் ஆள், பட்டதாரி. கெட்டவர் என்று எழுதினால் பொய். என்னை ஒரு நாளும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே நோய் 'முன்னர்', 'பின்னர்'. எந்த வேலை செய்தாலும் செய்ய முன்னர் ஒரு படம், செய்த பின்னர் ஒரு படம். இரண்டும் சபைச் செயலாளரின் தொலைபேசிக்குப் போக வேண்டும். ஒரு நாள் நான் சமய நூல் அலுமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து முடித்துவிட்டேன். சேர் ஓடி வந்தார்.

"ஐயோ அக்கா, 'முன்னர்' எடுக்கேல்லையே!"

"இப்ப என்ன செய்யிறது, சேர்?"

என் காலடித் தூசியைப் பார்த்தார். "கொஞ்சம் தூசியைத் திருப்பிப் போடுவமே?"

போட்டேன். கூட்டி வைத்த தூசியை அள்ளி, தேவாரத்தின் மேலும் திருவாசகத்தின் மேலும் அளவாகத் தூவினேன். படம் எடுத்தார். திரும்பத் துடைத்தேன். வினைத்திறன் என்ற சொல்லை நான் கையால் தொட்ட நாள் அது.

இசைக்கு வருகிறேன். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு வாசித்தால் மனம் ஒருமுகப்படும் என்று சேருக்கு இணையத்தில் யாரோ பரிந்துரைத்திருந்தார்கள். பத்திரிகை வாசிக்கும் பகுதியில், யன்னலுக்கு மேலே, இரண்டு ஒலிபெருக்கி பூட்டினார். 'முன்னர்' படம் எடுத்தாயிற்று. அங்கே நாள் தவறாமல் வருகிறவர் கணபதி அண்ணை. வெங்காயத் தோட்டக்காரர், அன்று வெங்காயம் கிண்டி முற்றம் நிறையப் பரவிவிட்டு வந்திருந்தார். மரண அறிவித்தல் பக்கத்தில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து மழை தொடங்கியது. முதலில் தூறல். பிறகு சோவென்று. இரண்டாவது இடி இடித்ததும், "ஐயோ என்ரை வெங்காயம்!" என்று கத்திக்கொண்டு பத்திரிகையோடு பாய்ந்தார். கணபதி அண்ணை ஓடினால் காரணம் இருக்கும் என்று மற்ற நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். ஒருவர் செருப்பையும் விட்டுவிட்டார்.

வெளியே வெயில் நெருப்பாய் எறித்தது. அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். வியர்வையில் நனைந்திருந்தபடியால் மழையில் அகப்பட்டவர் போலத்தான் இருந்தார்.

"தம்பி, உந்த மழையை நிப்பாட்டும். இல்லையெண்டால் இத்தினை மணிக்குப் பெய்யும் எண்டு பலகையிலை எழுதிப்போடும்."

சேர் 'பின்னர்' படம் எடுத்தார். அடுத்த கிழமை கணினி வாசிக்கும் நாதஸ்வரம் போட்டார். நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியில் பெண் எடுத்த ஒருவர் காதைச் சரித்துக் கேட்டுவிட்டு, "உவன் மூச்சே விடாமல் ஊதுறான், உது மனுசன் இல்லை" என்று எழும்பிப் போனார். ஆகவே, புதிய இசை கேட்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் முற்றத்தில் என்ன காய்கிறது என்று பாருங்கள்.

இனித் தொழில்நுட்பம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் நூலகத்தில் அங்கத்தவராக, வீட்டுக்குச் சோலைவரி கட்டுகிற ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனிடம் கையெழுத்துக் கேட்பதை எங்கள் ஆட்கள் பிச்சை கேட்பதாகவே நினைப்பார்கள். அதனால் வீட்டுப் பெரியவர் ஒரு அட்டை எடுப்பார். வீடு முழுக்க அதில் வாசிக்கும். அட்டையில் ஒரு பெயர், அதற்குப் பின்னால் நாலு தலை. சில அட்டைகளில் பெயருக்குரியவர் செத்து ஐந்து வருடம். இன்னும் கிழமைக்கு இரண்டு புத்தகம் எடுக்கிறார். இது எனக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது.

சேர் அட்டைகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். திரையை வாசகர் பக்கம் திருப்பி வைத்தார். வெளிப்படைத்தன்மையாம். யார் என்ன எடுக்கிறார்கள் என்பது நெல்லிக்காய் அளவு எழுத்தில் திரையில் விழும். நான் தூசி தட்டும் துணியை அதன் மேலே போட்டுவிடுவேன். சேர் எடுப்பார். நான் போடுவேன். அதற்குப் பிறகு, அவருடைய நண்பர் ஒருவர் செய்து கொடுத்த புதிய ஏற்பாடு வந்தது. அட்டையில் முன்பு எடுத்த புத்தகங்களைப் பார்த்து, இனி என்ன வாசிக்கலாம் என்று கணினி தானே யோசித்து, திங்கட்கிழமை தோறும் அட்டைக்காரரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

"சேர், அட்டை ஒராளின்ரை பேரிலை. வாசிக்கிறது வீடு முழுக்க" என்றேன். பயந்து பயந்துதான் சொன்னேன்.

"அக்கா, டேட்டா பொய் சொல்லாது."

முதல் திங்கட்கிழமை ஊர் கலங்கிவிட்டது. கோயில் தர்மகர்த்தாவுக்கு ஆட்டிறைச்சிச் சமையல் போனது. எண்பது வயதுக் கிழவி ஒருவருக்குப் பிள்ளைப்பேறுக்குப் பிந்திய உடற்பயிற்சி போனது. தேவாலயப் பிரசங்கியார் ஒருவருக்குச் சாதகம் பார்த்துச் சாத்திரம் சொல்வது எப்படி என்று போனது. அவர் மட்டும் ஏனோ முறைப்பாடு செய்யவில்லை. பகிடியாக இருந்தது. நானும் அலுமாரிக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை போஸ்ட்மாஸ்டருக்குச் செய்தி போகும்வரை சிரித்தேன்.

போஸ்ட்மாஸ்டர் என்று ஊரே கூப்பிடுகிறவர் இளைப்பாறிய தபாலதிபர். வாசிப்பு வட்டத்தின் தலைவரும் அவர்தான். மகன் வெளிநாட்டில். மகன் கட்டிய பெண் வதனி, மாமன் மாமியோடு ஊரில். கலியாணம் முடித்து நாற்பது நாளில் போனவன், பதினொரு வருடமாகத் திரும்பி வரவில்லை. தாய் தகப்பனுக்குப் பணம் வரும். வதனிக்குப் போனில் ஒரு கதை கூட வராது. அங்கே அவனுக்குக் குடும்பம் இருப்பதாக ஊர் கதைத்தது; வீட்டில் மட்டும், "அவனுக்கு விசா சரிவரேல்லை" என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வதனிதான் புத்தகப் பையோடு வருவாள். மாமனுக்குச் சரித்திரம், மாமிக்குப் பக்தி மலர், தனக்கு ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை சட்ட நூல் அலுமாரிக்கு முன்னால் நிற்பதைக் கண்டேன். 'பெண்களும் திருமணச் சட்டமும்' என்ற புத்தகத்தை இழுத்தாள். வாசலைப் பார்த்தாள். உள்ளே தள்ளினாள். அடுத்த வெள்ளியும் அப்படி. மூன்றாவது வெள்ளியும் அப்படி. நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். நாலாவது வெள்ளி, அந்தப் புத்தகம் திரும்பி வந்தவை மேசையில், இரண்டு சமையல் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. எடுத்தாள். மேசையில் அவளே கவிழ்த்து வைத்தாள். துணி திரையின் மேல் இருந்தது. ஆனால் பதிவு போஸ்ட்மாஸ்டரின் அட்டையில் விழுந்தது.

மூன்று கிழமையால் புத்தகம் வந்தது. கைவிட்டுப் போன கணவன் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பஸ் ரிக்கற் இருந்தது. ரிக்கற்றைக் கிழித்துப் போட்டேன். புத்தகத்தை அலுமாரியில் வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை போஸ்ட்மாஸ்டர் வந்தார். வேட்டி, சால்வை. பின்னால் வதனி, வீட்டில் இருந்த நூலகப் புத்தகம் அத்தனையையும் பையில் சுமந்தபடி. அட்டையையே திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர், தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"தம்பி, உதை ஒருக்கா வாசியும்."

சேர் வாசித்தார். கணீரென்ற குரல் அவருக்கு. "அன்பான வாசகரே, நீங்கள் முன்பு பெற்ற நூல்களின் அடிப்படையில் உங்களுக்காக நாம் பரிந்துரைப்பது: விவாகரத்து வழக்கு, கேள்வியும் பதிலும்."

பத்திரிகைப் பகுதியில் எல்லாப் பத்திரிகையும் ஒரு சாண் கீழே இறங்கியது.

"எனக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பத்தாறு வருசமா ஒரு பொம்பிளையோடை இருக்கிறன். நேற்று அவ என்ரை போனைப் பாத்தவ. பின்னேரத்திலையிருந்து எனக்குத் தேத்தண்ணி இல்லை."

"மாஸ்டர், இந்த வயதிலை துணிவு வந்திட்டுதோ?" என்றார் கணபதி அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை, அவருக்குக் கணினியின் மானம் பெரிது. "ஐயா, இது பிழை விடாது. உங்கடை அட்டையிலை ஆரோ எடுத்திருக்கினம். பாருங்கோ" என்று என் துணியை எடுத்துப் போட்டுவிட்டுத் திரையைத் தட்டினார். "பெண்களும் திருமணச் சட்டமும். எடுத்தது வெள்ளிக்கிழமை, காலமை பத்து இருபது."

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் கோயில்லை நிப்பன். வெள்ளியிலை இஞ்சை வாறது…"

அத்தோடு நிறுத்தினார். அவர் திரும்பவில்லை. ஆனால் கழுத்து திரும்பத் தொடங்கியதை நான் கண்டேன். வதனி வாசல் நிலையோடு நின்றாள். பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் சோறு இருந்தது, கூரை இருந்தது, வேறு எதுவும் இல்லை. அந்தப் புத்தகம் அவள் எடுத்ததென்று அன்றைக்கே தெரிந்தால் அவை இரண்டும் இராது. வழக்குக்குப் போகும் வழியும் அடைபடும். எனக்குத் தெரிந்தது அதுதான். புத்தகத்தைக் குவியலில் சொருகியது இந்தக் கைதான் என்பதும் தெரிந்தது.

"சேர்" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. என் குரல் அப்படி. "சேர்!" என்று திரும்பவும் சொன்னேன்; அது தேவைக்கு மேலே சத்தமாகப் போய்விட்டது.

"என்னக்கா?"

"அது நான் எடுத்தனான்."

"எதை?"

"அந்தப் புத்தகத்தை. ஐயாவின்ரை அட்டை மேசையிலை கிடந்தது. என்னட்டை அட்டை இல்லை. அதிலை போட்டு எடுத்தனான்."

சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களோ? விவாகரத்தோ? அக்கா, நீங்கள் கலியாணமே கட்டேல்லையே!"

"ஓம், கட்டேல்லை."

"பிறகேன்?"

"தெரிஞ்சு வைச்சால் நல்லதுதானே" என்றேன். ஐம்பத்தொன்பது வயதில், அத்தனை ஆண்களுக்கு முன்னால், தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"கட்டாமலே விடுறதுக்கு வழி பாக்கிறா!" என்றார் கணபதி அண்ணை. பத்திரிகைப் பகுதி குலுங்கியது. வெங்காயத்துக்கு ஓடிய அன்று கூட அப்படிச் சிரிக்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். முப்பது வருடம் ஊரின் கடிதங்களை ஒட்டியபடியே கொண்டுபோய்க் கொடுத்த மனிதர். ஒரு உறையைக் கையில் எடுத்தாலே உள்ளே என்ன கனம் என்று தெரியும். என் பொய்யையும் அப்படித்தான் நிறுத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உடைக்கவில்லை. உடைத்தால் ஊரே கூடி நின்று வாசிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"சரி. பிள்ளை எடுத்ததெண்டால் சரி" என்றார். பிறகு சேரிடம், "எனக்கு உதைக் கடதாசியிலை எழுதித் தாரும். வீட்டை காட்ட வேணும்" என்றார்.

சேர் எழுதிக் கொடுத்தார். முத்திரையும் குத்தினார். அன்று மத்தியானம் அந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றப்பட்டதாகக் கேள்வி.

எனக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. 'பிறரது அட்டையில் நூல் பெற்றமைக்கான காரணம்' என்ற இடத்தில், 'வாசிக்க' என்று எழுதினேன். போதாதாம், திருப்பி அனுப்பினார்கள். 'வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க' என்று எழுதினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் நான் இளைப்பாறியபோது தந்த சான்றிதழில், 'பொதுவாக நேர்மையுடன் கடமையாற்றினார்' என்று இருந்தது. எல்லோருக்கும் 'நேர்மையுடன்', எனக்கு 'பொதுவாக'. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அதை விடப் பாடாக இருந்தது சந்தைதான். சனத்தைக் கண்டால் பக்கத்துச் சந்து ஒழுங்கைக்குள் இறங்கிப் போகிற ஆள் நான். சுன்னாகத்தில் வெங்காயக்காரி எல்லோரும் கேட்க, "அக்கா, வழக்கு எப்பவாம்?" என்று கூப்பிடுவாள். பதில் எனக்கு மூன்று நாள் கழித்துக் குசினியில்தான் வந்தது: எதிராளி அகப்பட்டதும் சொல்லுறன் என்று. அங்கே கேட்பதற்கு அடுப்பு மட்டும் இருந்தது. ஏழெட்டு மாதம் அந்தப் பகிடி ஓடியது. உள்ளதைச் சொன்னால் நின்றுவிடும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். பையில் மரக்கறியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

சேர் தன் அளவில் நேர்மையான ஆள். "அக்கா, டேட்டா சரியா இருக்க வேணும்" என்று அந்தப் பதிவைப் போஸ்ட்மாஸ்டரின் அட்டையிலிருந்து எடுத்து, எனக்கென்று ஒரு ஊழியர் அட்டை திறந்து, அதில் போட்டார். "இனி உங்கடை பேரிலையே எடுங்கோ." அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். செய்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வதனி வந்தாள். மாமனின் சரித்திரத்தை நிமிர்த்தி வைத்தாள். திரும்பி வந்தவை மேசையில், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று ஒரு மெல்லிய புத்தகம் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள். நான் என் அட்டையில் பதிந்தேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, இதும் நீங்களோ வாசிக்கிறியள்?" என்றாள்.

"ஓம் பிள்ளை. இரவைக்கு முடிச்சிடுவன்" என்றேன்.

அதையும் சேர்த்துப் பதினாறு மாதத்தில் அந்த அட்டையில் பதினேழு புத்தகம் போனது. கடைசி மாதத்தில் மாமன் வீட்டை விட்டு அரியாலையில் இருக்கும் தங்கையிடம் போனாள். வழக்கு முடிந்துவிட்டது. நண்டு துப்புரவாக்கி ஏற்றுமதி செய்கிற இடத்தில் வேலை; விரல் எல்லாம் வெட்டுக் காயம் என்று போனில் சிரிப்பாள். போஸ்ட்மாஸ்டரும் மனைவியும் மகனிடம் போய்விட்டார்கள். அங்கே இரண்டு பேரப்பிள்ளைகள் இருப்பது விசா கிடைத்த பிறகுதான் தெரிய வந்ததாம். இதை எழுதலாமா என்று வதனியிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. பேரை மட்டும் மாத்துங்கோ. மாத்திறதை வடிவான பேரா வையுங்கோ" என்றாள்.

தர்மகர்த்தா சபையில் சத்தம் போட்டபடியால் திங்கட்கிழமைச் செய்தியை ஊருக்கு நிறுத்திவிட்டார்கள். ஊழியர் அட்டையை நிறுத்த மறந்து போனார்கள். நான் இளைப்பாறியதும் கணினிக்குத் தெரியாது. எனவே எனக்கு இன்னும் வருகிறது. முதலில் ஜீவனாம்சம் பெறும் முறை வந்தது. பிறகு தனியாக வாழும் பெண்ணுக்கான தையற்கலை, நேர்முகப் பரீட்சைக்கு உடுத்துவது எப்படி என்றெல்லாம் வந்தது. போன கிழமை, 'மறுமணம்: அச்சம் தவிர்ப்போம்'. அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கலியாணம் பேசுவதற்கு இந்தக் கணினியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? வதனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்து முடித்துவிட்டு, "அக்கா, அந்தப் புத்தகம் அங்கை இருக்கோ?" என்றாள். இருக்கிறது. மூன்றாம் அலுமாரி, மேல் தட்டு. யாராவது பிள்ளை அதை எடுத்துக் குவியல் மேசையில் போட்டுவிட்டால் நல்லது.

தொழில்நுட்பத்தோடு வினைத்திறனாக வேலை செய்ய என் பரிந்துரை: திரையை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். துணி பழைய இடத்தில்தான், முத்திரைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

இதில் உள்ள விபரங்களை யாராவது ஒருக்கால் சரிபார்த்துப் போடுங்கள். மழை பெய்த அன்று ஓடியது நாலு பேரா ஐந்து பேரா என்று கணபதி அண்ணையைக் கேளுங்கள்; அவர் பத்துப் பேர் என்பார், பாதியாக்குங்கள். மிஸ் தட்டியது அடிமட்டமா முத்திரையா என்பதும் எனக்குச் சந்தேகம். வதனி என்று எங்கள் பகுதியில் உண்மையாகவே யாரும் இருந்தால் அந்தப் பேரை மாற்றிவிடுங்கள். எழுத்துப் பிழை எத்தனை இருந்தாலும் திருத்துங்கள், கோபிக்க மாட்டேன். ஒன்றை மட்டும் தொட வேண்டாம். கணினியில் என் பெயருக்குக் கீழே பதினெட்டுப் புத்தகம் கிடக்கும். இதை வாசித்த பிறகு, அவை அக்கா எடுத்தவை அல்ல, பதிவைச் சரியாக்குவோம் என்று துடிப்பான பிள்ளை யாராவது வெளிக்கிடும். வேண்டாம். அவை என் பெயரிலேயே கிடக்கட்டும், கவிழ்ந்தபடி.